காணவில்லையா, இல்லையா?



நம் கொங்கு நாட்டில் பொலிகாளை ஒன்றை வாங்கப் புறப்படும் உழவர் எவ்வளவு விழிப்புடன் இருப்பார் என்பதை நீங்கள் அறிவீர்கள். கண்ணபுரம் தேர்ச்சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் காளையின் திமிலைப் பார்ப்பார், கொம்பைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். அதற்கு முன் ஈன்ற கன்றுகள் எத்தனை, அவை எப்படி என்று நான்கு பேரிடம் கேட்பார். சினைக்குத் தவறும் பசுக்கள் மிகுந்துவிட்டால், குறை காளையிடத்தே இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இயல்பாகத் தோன்றும். மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் 1939ஆம் ஆண்டில் சம்பத்குமாரன் என்பார் நம் நாட்டில் முதன்முதலாகச் செயற்கை முறையில் பசுவைச் சினைப்படுத்திக் காட்டினார். அதன் பின் வளர்ந்த முறைப்படி, இன்று ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு வரும் கால் மில்லிலிட்டர் உறைவிந்துக் குழல் ஒவ்வொன்றிலும் 2 கோடி விந்தணுக்கள் இருக்கவேண்டும் என்றும், உறைநிலை நீங்கிய பின் அவற்றில் பாதியேனும் நீந்தவேண்டும் என்றும் விதி உண்டு. எண்ணிப் பார்க்காமல் எதுவும் வெளியே வருவதில்லை.

காளைக்கு இவ்வளவு செய்யும் நாம், மனிதனுக்கு என்ன செய்கிறோம்? மணமாகி இரண்டு ஆண்டுகள் கழிந்தும் குழந்தை பிறக்காவிடில், மருமகளையே கோவிலுக்கும் மருத்துவரிடத்தும் அழைத்துச் செல்கிறோம். மகப்பேறு வாய்க்காத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் பங்கும் குறைக்குக் காரணமாக உள்ளது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. ஆயினும், பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பல முடிந்த பின்னரே, அதுவும் அரைமனத்துடன், ஆணின் முறை வருகிறது. இத்தனைக்கும் எல்லாவற்றுள்ளும் எளியதும் வலியற்றதும் செலவு குறைந்ததும் அவனுக்குரிய சோதனையே. அந்தச் சோதனையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பல ஆண்டுகள் நுண்பெருக்கியின் முன் அமர்ந்து பிறர் தந்த துளிகளை நோக்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால், இதில் எனக்குச் சொல்லச் சில செய்திகள் உண்டு. இதைக் கூச்சத்துக்குரிய பொருள் என்று எண்ணி வானொலிப் பெட்டியின் ஒலியைக் குறைத்துவிடாதீர்கள். உங்கள் உயிரியல் பாடநூலில் உள்ளதைத்தான் சற்று விரித்துச் சொல்லப் போகிறேன்.

விந்தணுவை முதலில் கண்டவர் மருத்துவர் அல்லர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த லேவன்ஹூக். 1677ஆம் ஆண்டில் யோகான் ஹாம் என்ற மாணவர் ஒரு நோயாளியின் விந்தைக் கொணர்ந்து, அதில் சிறு உயிர்கள் நெளிவதாகக் கூறினார். லேவன்ஹூக் தாமே கடைந்த சிறு கண்ணாடி மணியினூடே நோக்கி, வாலுடைய எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்துவதைக் கண்டு, லண்டன் ராயல் சொசைட்டிக்கு மடல் எழுதினார். அவை அங்கே என்ன செய்கின்றன என்பதை அறிய மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின. இத்தாலி நாட்டு ஸ்பல்லன்சானி தவளையின் விந்தை வடிதாளில் வடித்தார். வடிந்த நீர் முட்டையைக் கருவுறச் செய்யவில்லை. தாளில் தங்கிய கசடோ செய்தது. விடை கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும், விந்தணுக்கள் ஒட்டுண்ணிகள் என்ற கொள்கையை அவர் விடவில்லை! கடைசியில் 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் என்ற ஜெர்மானியர், கடல் முள்ளெலி என்னும் கடல்வாழ் உயிரின் முட்டைக்குள் விந்தணு புகுந்து, இரண்டின் உட்கருக்களும் ஒன்றாவதை விளக்கினார்.

இனி, நாம் தேடும் பொருளின் அளவைக் காண்போம். விந்தணுவின் தலை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு அல்லது ஐந்து பங்கு நீளமே உடையது. நம் சிவப்பணுவைவிடச் சிறியது. வாலையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 மைக்ரான் வரும். உலக சுகாதார நிறுவனம் 1980 முதல் இச்சோதனைக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டு வருகிறது. 2021இல் வந்த ஆறாம் பதிப்பின்படி, ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சத்துக்குக் குறையாமல் விந்தணுக்கள் இருந்தன. இவ்வெண்ணைத் தேர்வில் வெற்றி பெறும் மதிப்பெண் போலக் கொள்ளலாகாது. இதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் குழந்தை பிறப்பதுண்டு. மேலே உள்ளவர்களுக்குப் பிறவாமையும் உண்டு.

எண்ணிக்கை கோடியிலும் லட்சத்திலும் இருக்கும்வரை சோதகனுக்கு வேலை எளிது. ஒன்றுகூடக் கண்ணில் படாதபோதுதான் அவனுடைய பொறுமையும் நேர்மையும் சோதிக்கப்படுகின்றன. உலகின் ஆண்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கும், குழந்தையின்மைக்காகச் சோதிக்கப்படும் ஆண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கும் இந்நிலை காணப்படுகிறது. இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாளும் எழுதுகோலும் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கான துளியை இட்டு, 22 மில்லிமீட்டர் சதுரமான மெல்லிய வில்லையால் மூடுகிறோம். துளி பரவி, 20 மைக்ரான் கனமுள்ள ஏடாக நிற்கும். நானூறு மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்பெருக்கியில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். வில்லையின் பரப்பை இவ்வட்டத்தின் பரப்பால் வகுத்தால் ஏறத்தாழ 2500 வரும். அதாவது, ஒரு துளியை முழுதும் பார்க்க 2500 முறை தகட்டை நகர்த்தவேண்டும். அவசரமுடைய சோதகர் பத்து வட்டங்களை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால், அவர் பார்த்தது துளியில் 250இல் ஒரு பங்கு. மில்லிலிட்டரில் 25,000இல் ஒரு பங்கு. மூன்று மில்லிலிட்டர் விந்தில் 75,000 விந்தணுக்கள் இருந்தாலும், அவர் கண்ணில் படக்கூடியது சராசரியாக ஒன்றே. அந்த ஒன்றும் படாமற்போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் என்பதைப் புள்ளியியல் பயிலும் மாணவர்கள் பாய்சான் வாய்பாட்டைக் கொண்டு கண்டறியலாம்.

சரி, துளி முழுவதையும் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்? அப்போதும் 'இல்லை' என்று சொல்ல முடியாது. தேடியும் பூச்சியமே கிடைத்த இடத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியுடன் கூறத்தக்கது, தேடிய அளவில் மூன்றுக்கு மேல் இருக்கவில்லை என்பது மட்டுமே. நாம் தேடியது மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு; எனவே மில்லிலிட்டருக்கு 300 வரை மறைந்திருக்கலாம். மூன்று மில்லிலிட்டருக்கு 900 ஆயிற்று. தொள்ளாயிரம் விந்தணுக்கள் உள்ள மனிதனை ஒன்றும் இல்லாதவன் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

ஆகவே சுழற்றிப் பார்க்கும் முறை வந்தது. ஊத்துக்குளி வெண்ணெயை நீங்கள் அறிவீர்கள். பாலைச் சுழற்றும் பொறியில் கனமான பால் வெளிப்புறம் ஒதுங்க, இலேசான ஆடை நடுவில் திரண்டு தனியே வழிகிறது. சோதனைக்கூடத்தின் மைய விலக்குச் சுழற்றியிலும் இதே தத்துவம்தான். அங்கே நாம் வேண்டுவது கனமான பகுதியை. புவியீர்ப்பைப்போல் 3000 மடங்கு விசையில் 15 நிமிடங்கள் சுழற்றினால் விந்தணுக்கள் குழாயின் அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, அடியில் உள்ள சிறு வண்டலை நுண்பெருக்கியில் முழுதும் தேடவேண்டும். முதற்பார்வையில் ஒன்றும் தெரியாத விந்தில், இவ்வண்டலில் மட்டும் சில விந்தணுக்கள் தென்படுவதுண்டு. இந்நிலைக்கு 'மறைநிலை விந்தணு' என்று நான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். இம்முறையிலும் குறை உண்டு. இவ்வளவு விசையிலும் எல்லா அணுக்களும் அடியில் இறங்குவதில்லை. இறங்கியவற்றுள் சில நீந்தும் ஆற்றலை இழக்கின்றன. சுழற்றாமலே தேட விரும்புவோர், உட்கருவில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயத்தை இட்டு, நூறு மைக்ரான் ஆழமுள்ள பெரிய அறைத்தகட்டில் பார்க்கின்றனர். இருட்டில் மின்மினி போல் தலைகள் மட்டும் ஒளிரும். அழகான காட்சி, ஆனால் எல்லா ஊர்களிலும் அக்கருவி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தாராபுரம் பக்கத்திலிருந்து தம்பதியர் இருவர் வந்தனர். மணமாகி ஒன்பது ஆண்டுகள். கணவரின் தாயாரும் உடன் வந்திருந்தார். மனைவிக்குச் செய்த சோதனைகளின் தாள்கள் ஒரு மஞ்சள் பை நிறைய இருந்தன. அம்மூதாட்டி என்னிடம், "எங்கூட்டுப் பையனுக்கு என்னங்க கொறை? நாலு ஏக்கராத் தோட்டத்தை ஒத்தையாளா நின்னு பாக்கறானுங்க" என்றார். மறுமணப் பேச்சும் வீட்டில் எழுந்திருந்தது போலும். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மனைவி இருக்க மறுமணம் செய்வதைத் தடுத்துவிட்டது என்பதைப் பேச்செடுத்தவர்கள் கருதியதாகத் தெரியவில்லை. தாயாரும் மனைவியும் வெளியே சென்ற பின், கணவர் தம் பணப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு சோதனைக்கூடம் கொடுத்தது. "விந்தணு இல்லை" என்ற ஒற்றை வரியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. விந்தின் அளவு எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளிக்குப் பின் எடுத்தது, சுழற்றிப் பார்த்தார்களா என்ற விவரம் எதுவும் கிடையாது. அவ்வொற்றை வரியை நான்கு ஆண்டுகள் தம்முள் வைத்து அவர் புழுங்கியிருக்கிறார்; அவர் மனைவியோ அதே நான்கு ஆண்டுகளும் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

முறைப்படி இருமுறை சோதித்தோம். இரண்டாம் முறை, வண்டலில் ஆறு விந்தணுக்கள் தென்பட்டன. அவற்றுள் இரண்டு மெல்ல அசைந்தன. அவர்களுக்குப் பின்னர் என்ன வாய்த்தது என்பதைச் சொல்வது என் தொழில் ஒழுக்கத்துக்குப் பொருந்தாது. 'இல்லை' என்ற சொல் 'மிக அரிது' என்று மாறியபோது அந்த வீட்டில் பேச்சின் திசை மாறியது என்று மட்டும் சொல்லலாம்.

ஏன் இருமுறை? விந்தணு ஒன்று விரையில் உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. பாசிப்பயறு விதைத்து அறுக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுங்காய்ச்சல் கண்டவரின் இன்றைய விந்து, இரண்டு மாதங்களுக்கு முன் நேர்ந்ததைக் காட்டும். ஆகவே ஒரு நாள் முடிவை வைத்து ஆயுளுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. விரை உடலுக்கு வெளியே தொங்குவதற்கும் காரணம் உண்டு. உடற்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த சூட்டில்தான் அது நன்கு வேலை செய்யும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பருக்க வேண்டி ஆண்மை ஊக்கிநீர் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இதனை நினைவில் வைக்கவேண்டும். வெளியிலிருந்து ஊக்கிநீர் வந்து சேர்ந்தால், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு ஆணையிடுவதை நிறுத்திவிடும். பார்வைக்குப் பயில்வான், நுண்பெருக்கியிலோ பூச்சியம். ஊசியை நிறுத்திய பின் பெரும்பாலோர்க்கு மீண்டும் விந்தணு தோன்றும். ஆனால் பல மாதங்கள் ஆகும்.

பருத்தியால் புகழ்பெற்ற கோவையில் இருந்துகொண்டு, பருத்திக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பருத்திக்கொட்டையைக் குறுக்கே வெட்டினால் கரும்புள்ளிகள் பல தெரியும். அவை காசிபால் என்னும் நிறப்பொருள் நிறைந்த சுரப்பிகள். சீனத்தில், சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயைச் சமையலுக்குக் கொண்ட சில ஊர்களில் குழந்தைப் பிறப்பு குன்றியதை 1950களில் மருத்துவர்கள் கவனித்தனர். ஆராய்ந்தபோது, ஆண்களின் விந்தணு காசிபாலால் அருகிப்போவது தெரிந்தது. இதையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்கலாம் என்று எண்ணி, 1970களில் தொடங்கி 8000க்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு மருந்தை விட்ட பின்னும் விந்தணு திரும்பவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. இன்று கடையில் விற்கும் சுத்திகரித்த எண்ணெயில் காசிபால் நீக்கப்பட்டிருக்கிறது; ஆகவே யாரும் அஞ்ச வேண்டா. அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பை காசிபாலின் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும் என்றாலும், பொலிகாளைகளுக்குப் பருத்திக்கொட்டையை அளவுக்கு மீறிக் கொடுத்தால் விந்தணுவின் வால் பழுதாகிறது என்று கால்நடை அறிஞர் கண்டிருக்கின்றனர்.

மீண்டும் நம் தேடலுக்கு வருவோம். வண்டலிலும் இல்லை, இரண்டாம் முறையும் இல்லை என்றாகிவிட்டது. அப்போது கேட்கவேண்டிய கேள்வி வேறு. காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடையில் நீர் வரவில்லை என்றால், பவானி ஆற்றிலேயே நீர் இல்லாமல் இருக்கலாம். அல்லது ஆற்றில் நீர் இருந்தும் வாய்க்காலில் அடைப்பு இருக்கலாம். இவ்விரண்டுக்கும் மருத்துவம் வேறு. இதைப் பிரித்தறிய உதவும் முதற் சோதனையை வேதியியல் மாணவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்திருப்பீர்கள். விந்துப்பை சுரக்கும் நீரில் பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை உண்டு. ரிசார்சினாலையும் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் அது செந்நிறம் காட்டும். நீங்கள் செய்த செலிவனோஃப் சோதனைதான். நிறம் வரவில்லை, விந்தின் அளவும் குறைவு, அது புளிப்புத் தன்மையுடனும் இருக்கிறது என்றால், வெளிவழி அடைபட்டிருக்கிறது, அல்லது விந்துநாளங்கள் பிறவியிலேயே உருவாகவில்லை என்று ஊகிக்கலாம். பிட்யூட்டரியிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். என்ற ஊக்கிநீர் இரத்தத்தில் மிகுந்திருந்தால், விரையே தளர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆள் வேலை செய்யாதபோது மேஸ்திரி உரக்கக் கூவுவது போல. நம் பக்கத்தில் நீரிழிவு மிகுந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். நரம்பு தளர்ந்த நீரிழிவு நோயாளிகள் சிலரிடத்தில் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும். அவர்களுடைய சிறுநீரைச் சுழற்றிப் பார்த்தால் விந்தணுக்கள் அங்கே இருக்கும்.

விரையே தளர்ந்தவர்களுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றுதான் நெடுங்காலம் நூல்கள் கூறின. 1992இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பலெர்மோவும் அவர்தம் குழுவினரும், ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறக்கச் செய்ததை வெளியிட்டனர். அன்று முதல் தேடலின் பொருளே மாறிவிட்டது. முட்டை ஒன்றுக்கு விந்தணு ஒன்று போதும் என்றானபின், 900க்கும் பூச்சியத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் வாழ்வாகிவிடுகிறது. 1999இல் நியூயார்க்கில் ஷ்லெகல் என்ற அறுவை மருத்துவர் வேறொரு முறையை வெளியிட்டார். விரையைத் திறந்து, இருபது மடங்கு பெருக்கிக் காட்டும் அறுவை நுண்பெருக்கியால் அதன் நுண்குழல்களை நோக்கினால், வெறுமையான குழல்கள் மெலிந்து வெளிறியும், விந்தணு விளையும் குழல்கள் சற்றுப் பருத்து வெண்மையாகவும் தெரியும். வறண்ட காட்டில் பச்சைத் திட்டைத் தேடுவது போல், அவற்றை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். இம்முறையால், தேடப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் விந்தணு கிடைக்கிறது. ஒரு எக்ஸ் நிறமி கூடுதலாகப் பிறந்த கிளைன்ஃபெல்டர் நிலையினரிடத்தும் இவ்வாறே கிடைத்திருக்கிறது. அவர்களைப் பழைய நூல்கள் முற்றிலும் மலடர் என்று ஒதுக்கிவிட்டன.

எங்கே தேடக்கூடாது என்பதை அறிவதும் அறிவியலே. ஒய் நிறமியில் விந்தணு ஆக்கத்துக்குரிய பகுதிகள் மூன்று உண்டு; ஏ, பி, சி என்று பெயர். விந்தணு இல்லாத ஆண்கள் சிலரிடத்தில் இப்பகுதிகளுள் ஒன்று அறுந்துபோயிருக்கிறது. ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜும் உடனாய்வாளரும் இந்திய ஆண்களிடத்தில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். 'சி' பகுதி மட்டும் அறுந்திருந்தால் விந்தணு கிடைக்க இடமுண்டு; ஆனால் பிறக்கும் ஆண்மகவும் அக்குறையைப் பெறும். 'ஏ' பகுதி முழுதும் அறுந்திருந்தால் அறுவை செய்து தேடுவதில் பயனில்லை. ஒரு குழாய் இரத்தம், வீணான அறுவையிலிருந்து அம்மனிதனைக் காத்துவிடுகிறது.

அண்மைய செய்தி ஒன்று. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், மயிரிழை போன்ற கால்வாய்கள் பொறித்த சில்லில் விந்தை ஓடவிட்டு, அதிவேகக் காமிராவால் மணிக்குப் பல லட்சம் படங்கள் எடுத்து, கணிப்பொறியைக் கொண்டே விந்தணுவைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்திருக்கின்றனர். கண்டுபிடித்த அணு இருக்கும் சிறுதுளியை மட்டும் கருவி உடனே தனியே பிரித்துவிடும். சுழற்றுவதால் வரும் சேதம் இதில் இல்லை. தேர்ந்த சோதகர்கள் இரண்டு நாட்கள் தேடியும் ஒன்றும் காணாத விந்தொன்றில், இக்கருவி ஒரு மணி நேரத்தில் 44 விந்தணுக்களைக் கண்டதாம். இதன் உதவியால், பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் குழந்தைக்காகக் காத்திருந்த தம்பதியருள் மனைவி கருவுற்ற செய்தி 2025இல் வெளிவந்தது. ஒருவருக்கு வாய்த்ததைக் கொண்டு எல்லோர்க்கும் வாய்க்கும் என்று கூற முடியாது. பலரிடத்தில் செய்து பார்த்த கணக்கு வரவேண்டும்.

அத்தகைய கருவி நம் ஊருக்கு வரும்வரை சோதகனின் கண்ணே கருவி. ஆகையால், இத்தாளைக் கையில் வாங்குவோர் கேட்டறிய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பின் எடுத்ததா? ஒரு துளியும் சிந்தாமல் முழுதும் சேர்ந்ததா? ஒரு மணி நேரத்துக்குள் கூடத்தை அடைந்ததா? சுழற்றி வண்டல் முழுதும் பார்க்கப்பட்டதா? எத்தனை முறை? இவ்வளவும் எழுதியிருந்தால் அது சோதனைத் தாள். கணவனும் மனைவியும் ஒரே நாளில் சோதனைக்கு வந்து, அத்தாளை இருவருமாகவே வாங்கிச் செல்லலாம். அதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.